ஆராதனைக்கு மட்டும்

மார்ச் 5, ஞாயிறு

சபைக்கு இன்று ஒரு புது ஆள் வந்தான். பதினொரு பேர் உட்காரும் சபைக்குப் பன்னிரண்டாவதாக ஒருவன் வந்தால் பாஸ்டர் எல்வுட்டின் முகத்தைக் கேட்கவா வேண்டும். நான் பார்த்தது ஷூவை. பனி உருகித் தெருவெல்லாம் சேறாகக் கிடக்கிற மாதம் இது. இவனுடைய ஷூ மட்டும் கடை அலமாரியிலிருந்து நேராக இறங்கி வந்தது போல் பளபளக்கிறது. காரை வாசலுக்கு நேரே நிறுத்தியிருக்கிறான். முழங்கால் சரியில்லாத மில்லிக்காக நாங்கள் விட்டுவைக்கும் இடம் அது.

பெயர் க்ளெய்டன் வாஸ் என்றான். பாட்டையெல்லாம் சத்தமாகப் பாடினான். கிளம்பும்போது என்னிடம் வந்தான்.

"சிஸ்டர், இங்க ஞாயிறு தவறாம ஆராதனை நடக்குதா?"

"மழை பெஞ்சா கடவுளுக்கு லீவு விட்டுடுவோம்."

சிரித்தான். சிரித்துவிட்டு மறுபடியும் அதையே கேட்டான். ஓய்வு பெறும்வரை தபாலாபீஸ் கவுன்டரில் நின்றவள் நான். ஒரே கேள்வியை இரண்டு தரம் கேட்பவனுக்கு அந்தப் பதிலில் ஏதோ ஆதாயம் இருக்கிறது.

மார்ச் 7

அந்த வாஸ் நம் கட்டடத்தை எதற்காகப் படம் எடுத்துக்கொண்டு போனான்? பாஸ்டரைக் கேட்டால், "அழகா இருக்குன்னு எடுத்திருப்பார், லோர்னா" என்கிறார். அழகாம். கூரையில் பாதி பெயர்ந்து கிடக்கிறது.

மார்ச் 9, வியாழன்

வியாழன் சாப்பாடு. கூட்டம் அதிகம். காகித ஆலை மூடியதிலிருந்து குறைந்தபாடில்லை. மக்ரோனி, சீஸ், உருளைக்கிழங்கு சூப். கீழ்த்தளத்துச் சமையலறையில் வழக்கம்போல நானும் டானா பெர்ரோவும்தான். நான் கறுப்புப் பிடி தோல்சீவி, அவள் சிவப்புப் பிடி. இலையுதிர் காலத்தில் ஒரு வியாழக்கிழமை சாப்பிட வந்தவள், தட்டைக் கழுவி வைத்துவிட்டு "அடுத்த வாரமும் வரட்டுமா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எட்டிப் பார்த்ததில்லை.

இன்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"லோர்னா, எதிர்ல பழைய செருப்புக் கடை இருக்குல்ல, அத நான் வாடகைக்கு எடுத்திருக்கேன். கஞ்சாக் கடை வைக்கப் போறேன்."

"கஞ்சாவா? சபைக்கு எதிர்லயா?"

"மூலைல சாராயக் கடை இருக்கே. அத நீங்க ஒண்ணும் சொல்றதில்ல."

நான் அடுத்த கிழங்கை எடுத்தேன்.

"பத்தொன்பது வயசுல இதே கஞ்சாவுக்காகத்தான் என்னை உள்ள போட்டாங்க," என்றாள். "அப்படி உள்ள போனவங்களுக்குத்தான் புதுச் சட்டத்துல கடை லைசென்ஸுக்கு முதல் வரிசையாம். எந்த வேலைக்குப் போனாலும் என் மூஞ்சில கதவச் சாத்துன கேஸு, இப்ப அதே தகுதி. சிரிப்பு வரல உங்களுக்கு?"

சிரித்தோம். முதியோர் இல்லத்தில் எட்டு வருடம் படுக்கை மாற்றிச் சேர்த்ததெல்லாம் அந்தக் கடைக்குள் போய்விட்டதாம். லைசென்ஸ் வராவிட்டால் அவளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

போகும்போது கேட்டாள்: "வெளிப் பலகைல வியாழன் சாப்பாட்டப் பத்தி ஒரு வரி எழுதி வைக்கலாமே?"

நல்ல யோசனைதான் என்றேன்.

மார்ச் 14

ஆனால் ஏன் பலகையில் எழுதச் சொன்னாள்? சாப்பிட வருகிற எல்லோருக்கும் வழி தெரியுமே.

மார்ச் 19, ஞாயிறு

ஷூக்காரன் மூன்றாவது வாரமும் வந்துவிட்டான். இன்று பாஸ்டரிடம் கூரையைப் பற்றிப் பேசினானாம். முழுக் கூரையையும் தன் செலவில் புதிதாக்கித் தருகிறானாம். ஒரே ஒரு ஆசைதானாம்: "தேவனோட வீடு ஆராதனைக்கு மட்டும் இருக்கணும். கீழ சமையல் வாசனை வந்தா மேல ஜெபம் எப்படி ஏறும்?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். பாஸ்டருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மார்ச் 21, செவ்வாய்

நகரசபையில் கஞ்சாக் கடைகளுக்கான புது விதிகளை வாசித்தார்கள். வாஸ் வருகிறான் என்று கேள்விப்பட்டு, அவனைத்தான் நோட்டம் விடப் போனேன். டானாவும் வந்திருந்தாள், கடைசி வரிசையில், கோட்டைக் கழற்றாமல்.

க்ளார்க் தூக்கம் வருகிற குரலில் வாசித்துக்கொண்டே போனாள். பள்ளிக்கூடத்திலிருந்து இத்தனை அடி, ஜன்னலில் விளம்பரம் கூடாது, இருபத்தொரு வயதுக்குக் கீழே வாசற்படி ஏறக் கூடாது. அப்புறம் இது: ஆராதனைக்கு மட்டுமே பயன்படும் கட்டடம் இருக்கும் அதே தெருவில், இருநூறு அடிக்குள் கடை கூடாது.

யாரோ கேட்டார்கள், "அதென்ன, மட்டுமே?"

"உள்ள வேற எதாவது வழக்கமா நடந்துச்சுன்னா, யோகாவோ, குழந்தைங்கள விட்டுட்டுப் போறதோ, சாப்பாடு போடுறதோ, அப்ப அந்தக் கட்டடம் இந்தக் கணக்குல வராது."

வாஸ் எதையோ எழுதிக்கொண்டான். நான் டானாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்படியா சங்கதி! கீழே சாப்பாடு நடந்தால் எங்கள் சபை சட்டத்தின் கண்ணுக்கு சபையே இல்லை. அவள் கடை திறக்கலாம். சாப்பாடு நின்றால் திறக்க முடியாது. ஒருவன் கூரையைக் காட்டி நிறுத்தப் பார்க்கிறான். இன்னொருத்தி உருளைக்கிழங்கு சீவியே நடத்தப் பார்க்கிறாள். லைசென்ஸுக்கு மனுப் போடச் சொல்லி அறிவிப்பு வந்ததும் இலையுதிர் காலத்தில்தானே! வாரா வாரம் என் பக்கத்தில் நின்று, என் கணவர் ரஸ் செத்த கதையையெல்லாம் கேட்டு— எல்லாம் அந்தப் பலகையில் ஒரு வரிக்காகவா?

வீட்டுக்கு வந்து அழுதேன். யாருக்காக என்று தெரியவில்லை.

மார்ச் 23, வியாழன்

சாப்பாடு முடிந்தது. டானாவிடம் நான் வாய் திறக்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பாமல் பானையைத் தேய்த்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்.

மார்ச் 26, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு சபைக் கூட்டம். வாஸ் நாகரிகமாக வெளியே காரில் உட்கார்ந்திருந்தான். பாஸ்டர் விஷயத்தைச் சொன்னார்: புதுக் கூரை வேண்டுமானால் வியாழன் சாப்பாட்டை நிறுத்த வேண்டும். மழை பெய்தால் ஆர்கன் மேல் ஒழுகுகிறது, அது எல்லோருக்கும் தெரியும். கை தூக்கச் சொன்னார்.

நானும் தூக்கினேன்.

என் சமையலறை. ரஸ் செத்த வருடம், வீட்டில் தனியாகச் சாப்பிடப் பிடிக்காமல் நான் தொடங்கிய சாப்பாடு. அதை நிறுத்த நானே கை தூக்கினேன். வாஸை நம்பியா? அவனை நம்ப எனக்கென்ன பைத்தியமா. என்னை ஒருத்தி ஏமாளி ஆக்கிவிட்டாளே என்ற வயிற்றெரிச்சல்தான்.

மில்லி மட்டும் கை தூக்கவில்லை. "வியாழக்கிழமை அவங்க என்ன சாப்பிடுவாங்க, லோர்னா?" என்றாள். கேட்காதது போல் கோட்டை மாட்டினேன்.

மார்ச் 30, வியாழன்

இன்று வெளியே போகக் கூடாது என்றிருந்தேன். ஐந்து மணிக்கு மேல் இருப்புக் கொள்ளவில்லை. பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிற முகங்களை யாராவது எண்ண வேண்டாமா என்று கிளம்பினேன்.

சபைக் கதவில் ஒரு அட்டை: "சாப்பாடு எதிரே. உள்ளே வாங்க."

செருப்புக் கடையில் வெளிச்சம். கதவைத் திறந்தால் வெங்காய வாசனை. காலி அலமாரிகளுக்கு நடுவே பலகைகளைப் பெட்டிகளின் மேல் போட்டு மேசை ஆக்கியிருக்கிறாள். பாதிப் பேர் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள். அடுப்பு இல்லாததால் வீட்டிலிருந்தே பானையைக் காரில் தூக்கி வந்திருக்கிறாள்.

அவளை ஓரமாக இழுத்தேன். "நீ என்ன பண்றேன்னு தெரிஞ்சுதான் பண்றியா? சாப்பாடு இங்க வந்துட்டா அங்க வெறும் ஆராதனைதான். உன் லைசென்ஸ் போச்சு!"

"தெரியும். அந்தச் சட்டத்த உங்களுக்கு முன்னாடியே படிச்சவ நான்."

"அப்ப பலகைல எழுதச் சொன்னது அதுக்குத்தானே?"

"அதுக்குந்தான்," என்றாள், கண்ணைத் தாழ்த்தாமல். "இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க கைய தூக்கிட்டீங்க, முடிஞ்சுது. இவங்களுக்கு இன்னிக்கும் பசிக்குது. அத விடுங்க, மடக்கு நாற்காலி பத்தல. உங்க சாவி இருந்தா எடுத்துட்டு வர்றீங்களா?"

நாற்காலிகளைத் தெருவைத் தாண்டிச் சுமந்தேன். வேறென்ன செய்ய?

மார்ச் 31

இதுவும் நடிப்பாக இருந்தால்? ஊர் இரக்கப்படும், சபை மனம் மாறும் என்று கணக்குப் போட்டிருந்தால்?

இருக்கலாம். ஆனால் நடிப்புக்காக யாரும் அவ்வளவு உருளைக்கிழங்கு சீவ மாட்டார்கள். அதுவும் தனியாக.

ஏப்ரல் 3, திங்கள்

வெக்ஸ்லிக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். பக்கத்து ஊர்தான், அங்கே ஏற்கெனவே ஒரு கஞ்சாக் கடை இருக்கிறது. எதற்குப் போனேன்? வாஸ் காரின் பின்கண்ணாடியில் வெக்ஸ்லிக் கால்பந்து அணியின் ஒட்டுப்படம் இருக்கிறது. அவ்வளவுதான் என்னிடம் இருந்த துப்பு.

வாசலில் நின்ற தடியன் அடையாள அட்டை கேட்டான். "தம்பி, எனக்கு எழுபத்தொண்ணு."

"இருபத்தொண்ணு ஆச்சான்னு பார்க்கணும், மேடம். ரூல்."

உள்ளே நகைக்கடை மாதிரி விளக்குகள். கவுன்டருக்குப் பின்னால் ஒருவன் பெண்ணொருத்தியிடம் கண்ணாடிக் குப்பியைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தான். குரல் பழகின குரல். பாட்டைச் சத்தமாகப் பாடுகிற குரல்.

"ஸ்தோத்திரம், பிரதர்," என்றேன்.

குப்பி கை நழுவப் பார்த்தது.

"சிஸ்டர் லோர்னா! நீங்க… இங்க?"

"நீங்க எங்க கடைக்கு வர்றீங்க, நான் உங்க கடைக்கு வரக் கூடாதா?"

"இது என்னோடது இல்ல, பாருங்க, இதுல நான் ஒரு பங்குதான்…" என்று என்னென்னவோ சொன்னான். போட்டிக்கு இன்னொரு கடை வராமல் இருக்க ஒரு சபையை விலைக்கு வாங்கலாம் என்று நினைத்திருக்கிறான். கெட்டிக்காரன்தான். வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. அவனுக்குக் கை தூக்கியவள் நான்தானே.

ஏப்ரல் 5

பாஸ்டரிடம் சொன்னேன். ஒழுகுகிற இடத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"கூரை நெஜமான கூரைதானே, லோர்னா? யார் குடுத்தா என்ன?"

"அப்ப ஞாயித்துக்கிழமை அவன் கடைக்கும் சேத்து ஜெபம் பண்ணுங்க. பேர் சொல்லி."

அவர் மேல் கோபமில்லை எனக்கு. ஒழுகுகிற சபையில் பிரசங்கம் செய்பவர் அவர்தான்.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

வாஸ் வரவில்லை. ஒரு கூடை லில்லி மட்டும் வந்தது. பாஸ்டர் அதைப் பீடத்தில் வைக்காமல் வாசற்படியில் வைத்தார். பிறகு கூட்டத்தைக் கூட்டி, எதையும் மறைக்காமல் சொல்லி, சாப்பாடு தொடர வேண்டும் என்பவர்களை மறுபடி கை தூக்கச் சொன்னார். மில்லி இரண்டு கையையும் தூக்கினாள்.

ஏப்ரல் 13, வியாழன்

லைசென்ஸ் ஆபீஸிலிருந்து அளக்க ஆள் வந்தது. சின்னப் பெண், சக்கரம் வைத்த கோலுடன். செருப்புக் கடை வாசலிலிருந்து எங்கள் வாசலுக்கு உருட்டினாள். தெருவைத் தாண்டினால் சபை, அதை அளந்துதான் தெரிய வேண்டுமா.

"இந்தக் கட்டடத்துல ஆராதனை தவிர வேற எதாவது நடக்குதா, மேடம்?"

"மூக்கு அடைச்சிருக்கா உனக்கு?"

கீழே கூட்டிப் போனேன். டானாவை இன்று வர வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவள் நின்றால் அவளுக்காக நடத்துவது போல் இருக்கும். தனியாகச் சீவிக் கை வீங்கிவிட்டது. கூட்டம் ஏற்கெனவே தட்டோடு நின்றது. அந்தப் பெண் பானைகளையும், அடுப்பையும், புகை படிந்த சுவரையும் பார்த்தாள்.

"எப்பலேருந்து நடக்குது?"

"என் புருஷன் செத்த வருஷத்துலேருந்து. நடுவுல ரெண்டு வியாழன் இங்க நடக்கல. அது என் தப்பு. அதையும் எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். சூப் குடிக்கிறாயா என்றேன். ஒரு சொட்டுக்கூட வாங்கக் கூடாது, ரூல் என்றாள். இப்படி ஒரு ரூலா? நம்புவதா வேண்டாமா என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஜூன் 11

மழை. ஆர்கன் மேல் வாளி. சுருதி கெடவில்லை, அது முன்பே கெட்டது.

ஆகஸ்ட் 22

டானாவுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. தெருவில் நின்று கத்தினாள். ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

செப்டம்பர் 9, சனி

கடை திறந்தாள். வரிசை சபை வரை நின்றது. அந்த வரிசையில் எங்கள் ஆர்கன் வாசிக்கிறவரும் இருந்தார்.

செப்டம்பர் 14, வியாழன்

இன்று தெரிந்துவிடும் என்று காலையிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன். வேண்டியது கிடைத்தாயிற்று. இனி அவளுக்கு இங்கே என்ன வேலை? மதியம் கடையில் நல்ல கூட்டம். ஆறு கடந்தவன் ஓடத்தைத் திரும்பிப் பார்ப்பானா?

நாலு மணிக்குக் கீழே இறங்கி மூட்டையைப் பிரித்தேன். கிழங்கைக் கழுவினேன். மேசையில் ஒரு கிண்ணம், ஒரு பலகை, கறுப்புப் பிடி தோல்சீவி. பாதிக் கிழங்கு முடிந்திருக்கும், படியில் காலடி கேட்டது.

"கடைய ஏழு மணி வரைக்கும் சாத்திட்டேன். வரிசைல நின்னவங்க திட்டுறாங்க," என்று கோட்டைக் கழற்றிக்கொண்டே வந்தாள் டானா. மேசையைப் பார்த்தாள். ஒரே ஒரு தோல்சீவி. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

நான் பலகையை நகர்த்தி இடம் விட்டேன்.

அவள் இழுப்பறையைத் திறந்து சிவப்புப் பிடியைத் தானே எடுத்துக்கொண்டு, என் பக்கத்தில் வந்து நின்றாள்.