பதினாறு பொத்தான்கள்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஆறு பென்சில்களைச் சீவினேன். பல் துலக்கியதுகூட அதற்குப் பிறகுதான். என் கணவர் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். "நாப்பத்தாறு வயசுல மறுபடியும் பள்ளிக்கூடமா?" என்றார். அவர் கேலி பேசி ஒரு வாரம் ஆகியிருந்தது. அதனால் கோபம் வருவதற்குப் பதில் சந்தோஷமாக இருந்தது.

கணக்கெடுப்பு வேலையில் இது இரண்டாம் வாரம். வீடு வீடாகப் போய் யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு வருமானம் இல்லை என்று கேட்டு எழுத வேண்டும். தெருவில் எழுதும்போது பென்சில். மறுநாள் அலுவலகத்தில் மேற்பார்வையாளர் பார்த்து முடித்த பிறகு அதே எழுத்தின் மேல் பேனா. பேனா பட்ட பிறகு பிழை தெரிந்தால் திருத்தச் சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "பென்சில், பென்சில்" என்று மேற்பார்வையாளர் உயிரை எடுப்பதால் எங்கள் பன்னிரண்டு பேருக்கும் அவர் பென்சில் சார்.

நான்கு மாத ஒப்பந்தம். முடிவில் மூன்று பேரை நிரந்தரமாக எடுப்பார்கள். ஒரே ஒரு திருத்தச் சீட்டு இருந்தாலும் அந்தப் பட்டியலில் பெயர் வராது.

பத்தொன்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவள் நான். அச்சகம் மூடி இரண்டு வருடம். என் கணவர் வேலை பார்த்த பட்டறை மூடிப் பதினொரு மாதம். இந்த வேலையாவது நிலைக்குமா?

மார்ச் 6, வியாழன்

எங்கள் வீடும் கணக்கெடுப்பில் வந்துவிட்டது. சொந்த வீட்டை நான் எழுதக் கூடாது. உடன் வேலை பார்க்கும் பெண் வந்து எழுதினாள். நான் சமையலறையில் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"உங்க தொழில் என்ன சார்?"

"லேத் ஆபரேட்டர்."

"இப்போ என்ன பண்றீங்க?"

"இப்பவும் லேத் ஆபரேட்டர்தான்மா. லேத்துதான் இல்ல."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். நான் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று எங்கள் கட்டடம். கீழ்த்தளத்தின் பின்னறையில் பொத்தான் அக்கா. துணிக் கம்பெனிக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். போன வருடம் கம்பெனியில் பொத்தான் தைக்கும் இயந்திரம் வாங்கினார்கள். அதோடு சரி. அவள் கணவர் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடித்தவர். சாரத்திலிருந்து விழுந்து நான்கு வருடமாகக் கட்டிலில். அந்த அறைக்கு வாடகையில் பாதியை மாவட்ட அலுவலகம் உதவித்தொகையாகக் கொடுக்கிறது. வீட்டில் யாரும் வேலையில் இல்லாத குடும்பங்களுக்கான உதவி.

பை, பலகை, அடையாள அட்டை எல்லாம் மாட்டிக்கொண்டு நான் நின்ற கோலத்தைப் பார்த்து, "வாங்க மேடம், உக்காருங்க மேடம். என்ன மேடம், நேத்து எங்கிட்ட கடன் வாங்கின உப்பை எப்ப மேடம் தருவீங்க?" என்றாள். கட்டிலில் இருந்தவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

ஏழாவது கேள்வி. போன ஏழு நாளில் குறைந்தது ஒரு மணி நேரமாவது பணத்துக்கோ பொருளுக்கோ வேலை செய்தீர்களா?

"வேலையா? நான்தான் அதைத் தேடிட்டுத் திரியறேன். அது என்னைத் தேடுதான்னு உன் புத்தகத்துல பாத்துச் சொல்லு."

"விளையாடாம சொல்லுக்கா. ஒரு மணி நேரம்கூட இல்லையா?"

யோசித்தாள். வீட்டுச் சொந்தக்காரரின் மனைவியின் கோட்டுகளுக்குச் சனிக்கிழமை பொத்தான் தைத்துக் கொடுத்தாளாம். பதினாறு பொத்தான். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. அந்த அம்மாள் ஒரு பை பழைய துணி கொடுத்தாளாம்.

"இதெல்லாம் எழுதணுமா?"

"கேட்டா எழுதணும்கா."

"யாரு பாப்பாங்க?"

"யாரும் பாக்க மாட்டாங்க. பேரை எடுத்துட்டு எண்ணிக்கை மட்டும்தான் மேல போகும்."

"நீ சொன்னா சரி. எழுதிக்கோ. பதினாறு. குறைச்சு எழுதிடாதே, மானம் போயிடும்."

ஒரு மணி நேரம் இருந்தாலே 'பணியில் உள்ளவர்'. விதி அப்படி. கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன், பென்சிலில்.

மார்ச் 12, புதன்

பேனாவால் எழுதும்போது அக்காவின் படிவத்தில் கை நின்றது. பென்சில் சார் எட்டிப் பார்த்தார். "சந்தேகமாம்மா?"

"இல்லை சார்."

உண்மையைத்தானே எழுதுகிறேன். எழுதினேன்.

மார்ச் 20, வியாழன்

நாற்பத்தோரு வீடு. பதினொன்றில் கதவே திறக்கவில்லை. கால் கடுக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

எல்லோர் முன்னாலும் பென்சில் சார் என் கட்டைத் தூக்கிக் காட்டினார். "இருநூறு படிவம். ஒரு சீட்டு இல்ல. பாத்துக் கத்துக்குங்க." முகம் சூடாகிவிட்டது. இந்த வயதிலும் பாராட்டு இனிக்கத்தான் செய்கிறது. மகளுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் விடுதியில் இருக்கிறாள், கல்லூரி இரண்டாம் வருடம். "அப்ப அடுத்த வருஷம் காலேஜை விட்டு நிக்க வேண்டாம்லம்மா?" என்றாள். நின்றுவிடலாம் என்று இவள் இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்தாளா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏப்ரல் 9, புதன்

எப்படி எழுதுவது?

மாலை படியேறும்போது அக்கா கூப்பிட்டாள். கையில் கடிதம். மே மாதத்திலிருந்து வாடகை உதவி நிறுத்தம். 'குடும்பத்தில் பணியில் உள்ள நபர் இருப்பதால்.'

"யாருடி அது? எங்க வீட்டுல எனக்கே தெரியாம பணியில உள்ள நபர்?" சத்தமாகக் கேட்டுவிட்டுக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்கதானா? நான் தூங்கினப்புறம் எந்திரிச்சுப் போறீங்களா?"

"ஆமா. மேனேஜர் வேலை. சொன்னா நீ சம்பளத்தைக் கேப்பேன்னு மறைச்சேன்" என்றார் அவர்.

இருவரும் சிரித்தார்கள். "அலுவலகத்துல கேட்டுப் பாக்கறேன்கா" என்றேன். "கேளு கேளு, நீதான் இப்ப ஆபீசராச்சே" என்றாள். என்னை நம்பித்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

சொல்லவில்லை. என் படிவத்தால்தான் இது என்று ஏன் அங்கேயே சொல்லவில்லை?

ஏப்ரல் 10, வியாழன்

பென்சில் சாரைத் தனியாகப் பிடித்தேன். படிவம் உதவித்தொகைப் பிரிவுக்கு எப்படிப் போனது?

"மேல கேட்டாங்க. குடுத்துட்டாங்க."

"பேரை யாருக்கும் காட்ட மாட்டோம்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க?"

"அது பயிற்சியில சொல்றதும்மா. சொல்லலேன்னா ஜனங்க வாயைத் திறப்பாங்களா?" கண்ணாடியைத் துடைத்தார். கெட்டவர் இல்லை. ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிறது. "தப்பா எழுதியிருந்தா மே அஞ்சு வரைக்கும் திருத்தச் சீட்டு குடுக்கலாம். உதவி திரும்ப வந்துரும். ஆனா நீங்கதான் தப்பே எழுத மாட்டீங்களே."

வெளியே அறிவிப்புப் பலகையில் உதவி நிறுத்தப்பட்டவர்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. நின்று படித்தேன். பாதித் தெருக்கள் நான் நடந்த தெருக்கள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அக்கா வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, ஏழாவது கேள்வியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். என் தோளில் தொங்கிய பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியில் இருக்கும் பொத்தான் ஒரு நூலில் ஆடிக்கொண்டிருந்தது.

"குடு" என்றாள். ஊசியை எடுத்து வந்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பல்லால் நூலைக் கடித்துத் துண்டித்துவிட்டு, பையை என் மடியில் வைத்தாள்.

"இதையும் எழுதிக்கோ. வேலை பாத்தேன்னு."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அடித்துச் சாத்தவில்லை. மெதுவாக.

ஏப்ரல் 15, செவ்வாய்

போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

படியில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டால் நான் மேலேயே நின்றுவிடுகிறேன். அவளும் கீழே நிற்கிறாள் என்று நினைக்கிறேன். இரண்டு பேரில் யார் முதலில் நகர்வது?

இன்று ஒரு சின்ன டப்பாவில் உப்பு நிரப்பி அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். மாலை அது அப்படியே எங்கள் வாசலில் இருந்தது.

என் கணவருக்கு எல்லாம் தெரியும். நேற்றுச் சொன்னார்: "ஏம்மா, நீ பொய் எழுதலியே. உண்மையைத்தானே எழுதினே. இதுக்குப் போய் உன்னை நீயே வதைச்சுக்கறியே." பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "நிரந்தரம் ஆயிடும்ல?" என்றார்.

"ம்" என்றேன்.

ஏப்ரல் 30, புதன்

அக்கா வீட்டைக் காலி செய்துவிட்டாள். மாவட்டத்தின் மறுகோடியில் தங்கை வீடு. அங்கே சமையலறையை ஒட்டிய இடத்தில் கட்டில் போட ஒப்புக்கொண்டார்களாம்.

அக்காவின் கணவரை நாற்காலியில் உட்கார வைத்து என் கணவரும் வண்டி ஓட்டுநரும் தூக்கினார்கள். "பாத்து தம்பி, ஏற்கெனவே ஒரு தடவை விழுந்திருக்கேன், பழக்கமாயிடப் போகுது" என்றார் அவர். யாரும் சிரிக்கவில்லை. இவர் முகம் கோணிக்கொண்டது, பாரத்தால் இல்லை.

பொத்தான் டப்பா ஒன்று கை தவறி விழுந்து வாசலெல்லாம் சிதறியது. நான் குனிந்து பொறுக்கினேன். அக்காவும் பொறுக்கினாள். தலையோடு தலை முட்டும் தூரம். கடைசிப் பொத்தானை நான் நீட்டியபோது என் உள்ளங்கையை ஒரு நொடி அழுத்திப் பிடித்தாள்.

"நான் சொன்னது தப்புடி. வேலையே இல்லன்னு சொல்லியிருக்கணும். என் வாய்க்கு மானம் தேவையா இருந்துச்சு."

"நீ சொன்னது சரிதான்கா."

"சரின்னா ஏன் இப்படி ஆச்சு?"

ஓட்டுநர் ஹாரன் அடித்தார், அவள் டப்பாவோடு வண்டியில் ஏறிக்கொண்டாள்.

மே 2, வெள்ளி

பின்னறைக்கு வேறு குடித்தனம் வந்தாகிவிட்டது. ஜன்னலில் வேறு திரை.

மே 3, சனி

என்னுடைய களக் குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பலகையில் இருந்த பட்டியலையும் கதவு எண்களாகக் குறித்து வந்திருக்கிறேன். பிழை திருத்துகிற பழக்கம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலை ஓட்டி ஒப்பிட்டேன்.

கார் கழுவி ஒரு மணி நேரம். பக்கத்து வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம், பதிலுக்குச் சாப்பாடு. ஒரு கல்யாண மண்டபத்தில் நாற்காலி அடுக்கி ஒன்றரை மணி நேரம். அந்தக் கிழவர் என்னிடம், "ஒன்றரைன்னு போடுங்க, ஒன்னுன்னு போட்டுடாதீங்க" என்று கெஞ்சினார். இப்போது ஞாபகம் வருகிறது. எல்லோருக்கும் அதே ஆசை. ஒன்றுமில்லாதவர் என்று யாருக்கும் என் முன்னால் சொல்ல மனம் வரவில்லை. நானும் அந்த ஆசையைத் தட்டிக் கொடுத்துத் தட்டிக் கொடுத்து எழுதி வாங்கியிருக்கிறேன்.

என் எழுத்தால் உதவி நின்றுபோன பத்தொன்பது வீடுகள். அக்காவையும் சேர்த்து.

ஒவ்வொரு வாசலிலும் அதே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன். யாரும் பாக்க மாட்டாங்க.

மே 4, ஞாயிறு

காலையில் எழுந்ததும் பென்சில் சீவவில்லை. பேனாவில் மை இருக்கிறதா என்று கையில் கிறுக்கிப் பார்த்தேன். இருந்தது.

வெள்ளிக்கிழமை பென்சில் சாரின் மேசையிலிருந்து திருத்தச் சீட்டுக் கட்டு ஒன்றை எடுத்து வந்திருந்தேன். "எதுக்கும்மா?" என்றார். "பாத்து வெச்சுக்கலாம்னு சார்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து இன்னொரு கட்டையும் எடுத்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

சீட்டில் காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள். 'பதில் சொன்னவர் தவறாகக் கூறினார்.' 'படிவம் சேதம்.' 'கணக்கெடுப்பாளரின் பிழை.'

சரியானதில் கை வைக்காதே என்றுதான் அச்சகத்தில் முதல் நாள் சொல்லிக் கொடுத்தார்கள். பத்தொன்பது வருடமும் அப்படித்தான் இருந்தேன். ஏழாவது கேள்விக்கு நான் எழுதியதில் ஓர் எழுத்துப் பிழை கிடையாது. ஆனால் வாசலில் நின்று நான் சொன்ன வாக்கியம்? அது யாருடைய பிழை? அதற்குக் கட்டம் எதுவும் இல்லை. மூன்றாவது கட்டம்தான் அதற்குக் கிட்டத்தில் வருகிறது.

என் கணவர் அடுத்த அறையில் மகளோடு போனில் பேசிக்கொண்டிருக்கிறார். ஜூனுக்குள் அம்மாவுக்கு நிரந்தரம் ஆகிவிடும், புத்தகம் வாங்க யோசிக்காதே என்கிறார். பதினொரு மாதமாக இல்லாத தெளிவு அந்தக் குரலில். இந்தக் குரலைக் கேட்காமல் இருந்திருக்கலாம். மனம் மாறிவிடுமோ என்று கொஞ்ச நேரம் பேனாவை மூடி வைத்தேன்.

"என்னம்மா எழுதறே, ஞாயித்துக்கிழமையும் விடலியா?" என்று எட்டிப் பார்த்தார்.

"ஆபீஸ் வேலைங்க" என்றேன்.

அவர் போன பிறகு முதல் சீட்டை எடுத்தேன். கீழ்த்தளம், பின்னறை. மூன்றாவது கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இன்னும் பதினெட்டு. நாளை கடைசி நாள், காலையில் அலுவலகம் திறக்கும்போது நான் அந்த வாசலில் இருப்பேன்.