மச்சான் சொன்ன பொய்யும் ஒரு வட்டமும்

என் அருமை மச்சான் சுந்தரத்துக்கு,

நீ கண்ணை மூடி ஆறு மாதம் ஆகிறது. உன்னோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது, அதைப் போடத்தான் எழுதுகிறேன். ஆனால் உட்கார்ந்தால் சிரிப்புதான் வருகிறது.

போன திங்கட்கிழமை புகுமுக வகுப்பில் நம் கணக்கை எடுத்தேன். விட்டத்தின் இரண்டு முனைகளையும் கொடுத்துவிட்டு வட்டத்தின் சமன்பாட்டைக் கேட்பார்களே, அதுதான். கை தானாக (2, 3), (8, 11) என்று போர்டில் எழுதிவிட்டது. இன்டர்மீடியட் டெஸ்டில் நான் கோட்டைவிட்ட அதே எண்கள்!

அன்று விட்டம் பத்து என்று சரியாகத்தான் கண்டுபிடித்தேன். பாதியாக்க மறந்து, அந்தப் பத்தையே ஆரமாகப் போட்டுவிட்டேன். "ஏன் மாப்ள, கெணறு வெட்டச் சொன்னா ஊருணியவே வெட்டி வச்சிருக்க!" என்று நீ கத்தியதில் ஹாஸ்டலே சிரித்தது. மானம் போயிற்று. பொன்னமராவதியில் சித்தப்பாவின் ஜவுளிக்கடைக்கே போகிறேன் என்று பெட்டியைக் கட்டினேன்.

"திங்கக்கெழமை வரைக்கும் பொறு" என்று சொல்லிவிட்டு நீ உங்கள் ஊர் அரிமளத்துக்குப் போனாய். மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தாய்.

"அப்பா கறாராச் சொல்லிட்டாரு மாப்ள. நீ கணக்குல பாஸானாத்தான் தெய்வானையக் குடுப்பாராம்."

உன் தங்கை என்றால் எனக்கு உயிர் என்பது உனக்குத் தெரியாதா? கட்டிய பெட்டியை அப்போதே பிரித்தேன்.

அன்று சாயங்காலம் மைதானத்து மணலில் ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளி விட்டு இரண்டு ஈர்க்குச்சிகளை நட்டாய். என் நோட்டின் மூலையை அவற்றுக்கு நடுவே நுழைத்து, இரு விளிம்பும் ஆளுக்கொரு குச்சியைத் தொடும்படி திருப்பித் திருப்பி வை, மூலை நிற்கும் இடமெல்லாம் புள்ளி வை என்றாய். புள்ளிகள் வளைந்து அரை வட்டமாயின. மறுபக்கமும் வைத்தேன். ஆகா, முழு வட்டம்! மையத்தையும் தேடவில்லை, ஆரத்தையும் தொடவில்லை.

"நோட்டு மூலை செங்கோணம் மாப்ள. ரெண்டு விளிம்போட சாய்வையும் பெருக்கினா மைனஸ் ஒண்ணு. அம்புட்டுத்தான்!"

(x − 2)(x − 8) + (y − 3)(y − 11) = 0. வட்டத்தின் சமன்பாடு ஒரே வரியில்! நான் குதித்த குதியில் புள்ளியெல்லாம் அழிந்தது. பரீட்சையிலும் அந்த மாதிரிக் கணக்கே வந்தது. பாஸானேன், தெய்வானையைக் கட்டினேன், மேலே படித்து வாத்தியாரும் ஆனேன்.

போன திங்கட்கிழமை அந்தக் கணக்கை நடத்திவிட்டு வீட்டுக்கு வந்ததும் தெய்வானையிடம், "மாமா மட்டும் அந்தக் கண்டிஷன் போடலேன்னா நான் இன்னைக்குத் துணிதான் கிழிச்சுக்கிட்டிருப்பேன்" என்றேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "எந்தக் கண்டிஷன்ங்க? படிச்சாலும் படிக்காட்டியும் அக்கா மகனுக்குத்தான் பொண்ணுன்னு அப்பா எப்பயோ சொல்லிட்டாரு. அண்ணன்தான் ஒங்ககிட்ட யாரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு!" சிரித்துக்கொண்டே இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடப்பாவி! இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை சொன்னாயா? நான் பெயிலாகியிருந்தால் என்ன செய்திருப்பாய்? அதற்கும் ஒரு பொய் கைவசம் வைத்திருந்தாயா? நீ பக்கத்தில் இருந்தால் முதுகில் ரெண்டு போட்டுவிட்டுக் கட்டிக்கொண்டிருப்பேன், மச்சான்.

இனி வருஷா வருஷம் இந்தப் பாடத்தை உன் பெயரைச் சொல்லித்தான் தொடங்குவேன். நீ பெரிய புளுகன் என்பதையும் சேர்த்தே சொல்வேன். இது சத்தியம்.

பாஸாகாவிட்டாலும் உனக்கு மாப்பிள்ளையாகியிருக்கக்கூடிய,
தங்கராசு