நாலு மணிக்குத் திடலில்

காஜா பேராங், மலாக்கா
12 செப்டம்பர் 1957

அன்புள்ள உங்களுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். தேவகோட்டையிலிருந்து நீங்கள் எழுதியபடியே நம் நாகம்மைக்கு வீட்டில்தான் பாடம் சொல்லித் தருகிறேன். பெரியவள் பள்ளிக்கூடத்தில் தொற்றிய காய்ச்சலில் இறந்துபோன பிறகு உங்களுக்கு வந்த பயம் எனக்கும் உண்டு. ஆனால் எட்டு வயதுப் பிள்ளை பேச ஆளில்லாமல் சுவரைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

அதனால் அடுத்த வீட்டு அஞ்சலையை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு, "எங்க நாகம்மையோட விளையாட வர்றியாம்மா?" என்று கேட்டேன்.

"அவதான் தினம் நாலு மணிக்குத் திடலுக்கு வர்றாளே ஆச்சி. மெர்டேக்கா, சுதந்திரம் வந்த அன்னிக்கும் எங்களோடதான் கொடி பிடிச்சா."

நாலு மணிக்கு அவள் என் எதிரில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதுவாள். கதவு பூட்டியிருக்கும். சாவி என் இடுப்பில்.

நேற்று பூட்டைத் திறந்து அவளைத் திடலுக்குக் கூட்டிப் போனேன். பிள்ளைகள் யாரும் அவளைப் புதிதாகப் பார்க்கவில்லை. "ஏன் இன்னிக்கு லேட்டு?" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். இவளும் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில், "அவங்களை உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"நீங்க கதவைத் திறக்கல ஆத்தா. அதனால உங்க எதிர்ல உட்கார்ந்துகிட்டே போயிட்டு வந்தேன். போறது சுலபம். திரும்பி வர்றதுதான் நாளுக்கு நாள் கஷ்டமாயிருச்சு."

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. வாசலில் நின்று கூப்பிட்டால் நடந்து வீடு வருகிற பிள்ளையாக அவள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகள் இருவரையும் பெற்றவள்