ஸ்ம்ருதி டிராவை மறுத்தது

அஸ்தினாபுரம்,
ஞாயிறு காலை.

சிரஞ்சீவி ஜெயகிருஷ்ணனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். ஹாலிஃபாக்ஸ் குளிரில் நீயும் மருமகள் ரோஹிணியும் இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பாதியை விட்டுவிடுகிறேன், அதனால் எண் போட்டு எழுதுகிறேன்.

1. உன் தங்கை ஸ்ம்ருதி ஆடிய செஸ் போட்டியின் முடிவு.
2. கடைசி ஆட்டத்தில் அவள் செய்த தவறு.
3. நீ அவளிடம் சொல்ல வேண்டியது.

காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அரங்கில் நடந்த பெண்கள் சர்வதேசப் போட்டி நேற்று முடிந்தது. ஒன்பது சுற்று. எட்டு முடிந்தபோது ஸ்ம்ருதியும் கஜகஸ்தானிலிருந்து வந்த ஒரு பெண்ணும் ஆறரைப் புள்ளியில் சமம், கடைசிச் சுற்றில் இருவரும் நேருக்கு நேர். முதலிடம் வருபவருக்கு மட்டுமே செர்பியாவில் நடக்கும் அடுத்த போட்டிக்கு அழைப்பு. அது கிடைக்காவிட்டால் ஆடுவதையே நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூட வேலையோடு இருந்துவிடுவதாக அவளே சொல்லியிருந்தாள். புள்ளி சமமானால், யாருடைய எதிராளிகள் மொத்தமாக அதிகப் புள்ளி எடுத்திருக்கிறார்களோ அவருக்குத்தான் கோப்பை. அந்தக் கூட்டலைத் தினமும் நோட்டில் போட்டு வந்தேன், ஸ்ம்ருதி அரைப் புள்ளி முன்னால் இருந்தாள். அதனால் குரோம்பேட்டை ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது டிரா போதும் என்று சொன்னேன். அவள் கையிலிருந்த அச்சிட்ட பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

முப்பத்தோராவது நகர்த்தலில் அந்தப் பெண்ணே டிரா கேட்டாள். இவள் மறுத்துவிட்டுக் குதிரையைக் கொடுத்துத் தாக்கினாள். இரண்டு மணி நேரம் போராடித் தோற்றாள், நாலாவது இடத்துக்கு இறங்கிவிட்டாள். கல்லூரி வாசலில் டீக்கடை வைத்திருக்கும் பாலுகூட, இன்னா சார், அவங்களே குடுத்தாங்களாம், வாங்கிக்கினு வர்றதுக்கு இன்னா கஷ்டம் என்று கேட்டுவிட்டான். ஏன் மறுத்தாய் என்று நானும் கேட்டேன். ஜெயிச்சாகணும்பா என்றாள். வீம்பு என்று நினைத்தேன், ரயிலில் பேராசை என்றும் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் செஸ் போர்டைப் பரணில் போட்டாள். கூட்டல் தெரிந்த மனுஷருக்குப் பெண்ணோடு பேசத் தெரியவில்லை என்று அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். இருக்கலாம். நீ சொன்னால் கேட்பாள். நிறுத்துவதானால் நிறுத்தட்டும், தவறு எங்கே என்று தெரிந்துகொண்டு நிறுத்தட்டும்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். காது மூடும் குல்லாயை மறக்காதே.

உன் அப்பா,
ராஜகோபாலன்

பி.கு. உனக்கு அனுப்பலாம் என்று அந்தக் கூட்டலைத் தனித்தாளில் எழுத உட்கார்ந்தேன். ஸ்ம்ருதி கொண்டுவந்த அச்சிட்ட பட்டியலோடு ஒத்துப்பார்த்தால், அவளோடு நான்காம் சுற்றில் ஆடிய கொழும்புப் பெண் எடுத்தது மூன்றரை. நான் வரி மாறி அடுத்த பெயரின் நாலரையை எழுதியிருக்கிறேன். அப்படியானால் ஸ்ம்ருதி அரைப் புள்ளி பின்னால். டிரா ஆகியிருந்தால் கோப்பை அந்தப் பெண்ணுக்கு. அவளே ஏன் டிரா கேட்டாள் என்று நேற்றே யோசித்திருக்க வேண்டும். பட்டியலில் கொழும்புப் பெண்ணின் பெயருக்கு நேரே ஸ்ம்ருதி பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் நேற்றைய தேதியும் காலை என்றும் குறித்திருக்கிறாள். அவளுக்கு முன்பே தெரியும், என் நோட்டு தப்பு என்று மட்டும் சொல்லவில்லை. இரண்டாவது எண்ணை அடித்துவிடு. தவறு அவளுடையது இல்லை, என்னுடையது. அவள் எழுந்ததும் நானே சொல்கிறேன்.