பச்சை பாட்டிலில் நல்லெண்ணெய்

அன்புள்ள அக்கா,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். அவர் நைட் ஷிப்டுக்குப் போயிருக்கிறார். குழந்தை இப்போதுதான் தூங்கினாள். சாயங்காலம் எலுமிச்சம்பழத் தோலை நகத்தால் கிள்ளி விளையாடினாள். அறையெங்கும் அதே மணம். அன்று நீங்கள் டம்ளரை நீட்டி முகரச் சொன்னீர்களே, அந்த ஒயினின் மணம்.

அன்று இரவு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வரவிருந்த மைன்ஸ் ஜெர்மன் இன்ஜினியர், பாண்டிச்சேரியில் வாங்கிய பிரெஞ்சு வெள்ளை ஒயினைக் காலையிலேயே ஜீப்பில் கொடுத்தனுப்பியிருந்தார், குளிர வைக்கச் சொல்லி. அவருக்குக் குடிக்கப் பெர்மிட் உண்டு. மதுவிலக்கில் நாங்கள் அதைத் தொட்டாலே குற்றம். ஆனால் அவர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் என் வீட்டுக்காரருக்கு வேலை பெர்மனன்ட் ஆகும். பயந்துபோய்ப் பக்கத்துக் குவார்ட்டர்ஸுக்கு உங்களிடம்தான் ஓடிவந்தேன். உங்கள் அப்பா பிரெஞ்சுத் துரை வீட்டில் சமையல் செய்தவராயிற்றே.

பாட்டிலில் ஈரச் சாக்கைச் சுற்றி வாளித் தண்ணீரில் இறக்கினீர்கள். மத்தியானம் கார்க்கைத் திருகி எடுத்து எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் ஊற்றினீர்கள். நான் போய்க் கதவைத் தாழிட்டேன்.

"மொதல்ல மூக்கு, அப்புறந்தான் நாக்கு. கஷாயம் மாதிரி கண்ண மூடிக்கினு முழுங்காத" என்றீர்கள்.

விருந்துக்கு வைத்த என் மீன்குழம்பை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஒரு சொட்டு குடித்தேன். தகரத்தை நக்கியதுபோல் இருந்தது. "உன் புளி அத்த சாவடிச்சிருச்சு, புள்ள" என்று சிரித்தீர்கள். குழம்பை ஒதுக்கிவிட்டு, வஞ்சிரத்தில் உப்பும் மிளகும் மட்டும் தடவி வெண்ணெயில் வாட்டினீர்கள். காடாம்புலியூர் முந்திரியை நெய்யில் புரட்டி மேலே தூவினீர்கள். அந்த மீனுக்குப் பின் அதே ஒயினின் புளிப்பு அடங்கி, வாய் முழுக்கக் குளிர்ச்சி பரவியது. பிடித்திருக்கிறது என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. இரவு, பாட்டில் குறைந்திருந்ததைப் பார்த்த விருந்தாளி கோபப்படாமல், ருசி பார்க்காத சமையலை நம்பமாட்டேன் என்று சொல்லி இரண்டாம் முறை மீன் கேட்டு வாங்கினார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். பச்சைக் கண்ணாடி, அழகான கழுத்து; நல்ல பாட்டிலைத் தூக்கியெறிய யாருக்கு மனம் வரும்? கழுவி, நல்லெண்ணெய் ஊற்றிச் சமையலறை ஜன்னலில் வைத்தேன். பி.ஏ. படித்தவளுக்கு அதில் ஒட்டியிருந்த ஒயின் லேபிளைச் சுரண்டத் தோன்றவில்லை.

யாரோ போலீஸில் சொல்லிவிட்டார்கள். மதுவிலக்குப் போலீஸ்காரர் பாட்டிலைக் கையில் எடுத்து யாருடையது என்று கேட்டபோது நான் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நின்றேன். நீங்கள்தான் ஓடிவந்து, "என்னுதுங்க. பாண்டிச்சேரிலேருந்து எடுத்தாந்த காலி பாட்டிலு. எண்ணெ வெச்சிக்கச் சொல்லி நாந்தான் குடுத்தேன்" என்றீர்கள். அவர் எச்சரித்துவிட்டுப் போய்விட்டார். பிளாக்கில் பேச்சு மட்டும் போகவில்லை. அடுத்த மாதமே காண்டிராக்டர் உங்கள் வீட்டுக்காரரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். லாரியில் சாமான் ஏற்றும்போதுகூட, "நீ வாயத் தொறக்காத, கைக்கொழந்தக்காரி" என்றுதான் சொன்னீர்கள். நான்கு மாதம் திறக்கவில்லை.

இன்று காலை பால் வாங்கும் வரிசையில் கோடி வீட்டம்மாள், "அந்தச் சாராயக்காரி போனதுலேருந்து நம்ம பிளாக்கு சுத்தமா இருக்குது" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அந்த பாட்டில் எங்க வீட்டோடது. அவங்களோடது இல்ல. குடிச்சுப் பாத்தவ நான்" என்றேன்.

பால் வாங்காமலே திரும்பிவிட்டேன். அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. பெர்மனன்ட் ஆர்டர் இன்னும் கைக்கு வரவில்லை. இந்நேரம் மைன்ஸில் அவர் காதுக்கு எட்டியிருக்குமோ என்னவோ. காலையில் ஷிப்ட் முடிந்து அவர் வந்ததும், மற்றவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவேன்.

உங்கள் பேச்சை மீறிவிட்டேன், அக்கா. ஆனால் அன்று போலீஸ்காரர் முன்னால் வாய்மூடி நின்றதை இனிமேலும் சுமக்க முடியவில்லை. காண்டிராக்டரிடமும் போய் உண்மையைச் சொல்லட்டுமா? அண்ணனுக்குத் திரும்ப இங்கே வேலைக்கு வர விருப்பம் இருக்கிறதா? உங்களைக் கேட்காமல் இனி எதையும் செய்யமாட்டேன். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.