எல்லை தாண்டாத லைசென்ஸ்

அளவெட்டி,
02.03.2025

என் அன்பு மகள் கீர்த்திகாவுக்கு,

நானும் அப்பாவும் நல்ல சுகம். உன் சுகத்துக்கும் கோயிலில் அம்மாளை வேண்டுகிறேன். போனில் கதைத்தால் பாதியில் வெட்டிவிடுவாய், அதனால் கைப்பட எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். சுன்னாகம் மீனாம்பிகை அக்கா நேற்றும் வந்தார். அவருடைய மகன் சுபாங்கனுக்கு உன்னைப் பிடித்திருக்கிறதாம். உனக்கும் பிடிப்புத்தான், எனக்குத் தெரியும். பிறகேன் பிள்ளை இழுத்தடிக்கிறாய்? சுபாங்கன் இருப்பதும் அமெரிக்காவில்தானே. பக்கத்து மாநிலத்துக்குப் போக என்ன கஷ்டம்? சித்திரை பிறக்கமுன் பதில் சொல்.

அன்புடன் அம்மா,
குணலட்சுமி


அமெரிக்கா,
09.03.2025

அன்புள்ள அம்மா,

பிடித்திருக்கிறது. மறைக்கவில்லை. ஆனால் நான் மேற்படிப்புப் படித்து, நோயாளியை நானே பார்த்து மருந்து எழுதிக் கொடுக்கிற நேர்ஸ். அந்த லைசென்ஸ் இந்த மாநிலத்துக்குள்தான் செல்லும். போன மாதம் என்னிடம் வழமையாக வரும் கிழவர் ஒருவர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் மகள் வீட்டிலிருந்து மருந்து கேட்டுப் போன் எடுத்தார். அது வேறு மாநிலம். என்னால் எழுதிக் கொடுக்க முடியவில்லை.

ஒரே லைசென்ஸைப் பல மாநிலங்கள் ஏற்க ஓர் ஒப்பந்தம் எழுதி வைத்திருக்கிறார்கள். போதிய மாநிலங்கள் இன்னும் சேரவில்லை. சுபாங்கனிடம் போனால் திரும்ப விண்ணப்பித்து, அந்த மாநிலச் சட்டப்படி சில வருடம் ஒரு டொக்டரின் கீழ் நிற்கவேண்டும். இந்தச் சின்ன ஊரில் என் கிளினிக்கை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணித்தியாலம் கார் ஓடவேண்டும். இதை விட்டு எப்படிப் போவேன்? அவரை விடவும் மனமில்லை அம்மா.

உங்கள்
கீர்த்தி


அளவெட்டி,
11.03.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்தேன். "உவள் ஏன் போகவேணும்? நான் கொடிகாமத்திலையிருந்து பெட்டியோடை உன்ரை வீட்டுக்குத்தானே வந்தனான்" என்று சிரிக்கிறார். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. பெண்ணின் வீட்டுக்கு மாப்பிள்ளை வருவதுதானே எங்கள் ஊர் வழக்கம். உனக்குச் சீதனமாய்க் கட்டிய வீட்டை அங்கே தூக்கிவர முடியாது. அங்கே உன் வீடு அந்தக் கிளினிக்தான்.

சுபாங்கன் ஓட்டுவது லொறி. அந்த லைசென்ஸ் எல்லா மாநிலத்திலும் செல்லும் என்று பெருமையடித்ததே மீனாம்பிகை அக்காதான். இன்று சுன்னாகம் போய், "உங்கடை மகன்தான் வரவேணும்" என்று நேரே சொன்னேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "அவனைக் கேட்டுச் சொல்லுறன்" என்றார். வராவிட்டால் உனக்கு வலிக்கும், தெரியும். என்றாலும் நீ அசையாதே.

அம்மா


அமெரிக்கா,
16.03.2025

அன்புள்ள அம்மா, அப்பா,

நேற்று சுபாங்கன் போன் எடுத்தார். நான் ஒப்பந்தம், விண்ணப்பம் என்று விளக்கத் தொடங்க, அவர் ஒன்றுதான் கேட்டார்: "உங்கடை வளவுக்குள்ளை லொறி திரும்புமோ?"

போனை வைத்ததும் அளவுநாடா எடுத்துக்கொண்டு போய் வீட்டு முற்றத்தை அளந்தேன். திரும்பும். வாசல் ரோசாச் செடியை மட்டும் கொஞ்சம் தள்ளி நடவேண்டும். இன்று எனக்கு லீவு, மண்வெட்டி வாங்கப் போகிறேன்.

உங்கள்
கீர்த்தி