நான் படிக்காத மசோதா

செவ்வாய், செந்தூல்.

எங்களுடையது போன்ற பழைய பிளாட்டுகளை இடித்துக் கட்ட வழிசெய்யும் புது மசோதாவை வரி விடாமல் படித்ததாகப் போன வாரம் சாப்பாட்டுக் கடையில் அளந்துவிட்டேன். நான் பேசினால் கடையே வாயைப் பிளக்கும், அது உண்மை. "ஒரு வீட்டுக்காரர் மறுத்தாலும் தொட முடியாதுக்கா!" என்றேன். அதை நம்பி, மேல்மாடி புஷ்பம் அக்கா இன்று எதிர்ப்புக் கூட்டத்துக்கே வரவில்லை. அங்கே வக்கீல் சொன்னார்: சட்டமானால் எல்லாரும் சம்மதிக்க வேண்டியதில்லை, பெரும்பாலோர் போதும். நான் ஒரு பக்கம்கூடப் புரட்டியதில்லை.

திரும்பும்போது படிக்கட்டில் அக்கா. "கூட்டம் எப்படி தம்பி?"

"நான் இருக்கேன்லா, பயப்படாதீங்க." இதுதான் வாயில் வந்தது.

உடனே ரவாங்கிலிருக்கும் மகளுக்குப் போன் போட்டார். "நான் அங்க வந்து தங்கலம்மா. வீடு போகாதாம். மசோதாவப் படிச்ச தம்பியே சொல்லிட்டாரு."

பக்கத்தில் நின்று தலையாட்டினேன். சீ.